ஏழாம் சுற்றில் என் தம்பி

கார்டு ஆட்டப் போட்டி தொடங்குமுன் நடுவர் விதிகளை வாசித்தார். வார நாட்களில் அவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பெடுக்காமல் இருக்க முடியாத பிறவி. கார்டுக் கட்டைக் கலைத்தபின் எதிராளியிடம் நீட்டி வெட்டச் சொல்ல வேண்டும். இரண்டு கையும் எப்போதும் மேசைக்கு மேலே இருக்க வேண்டும். ஜெயித்தவர் துள்ளக் கூடாது, தோற்றவர் கார்டுகளை வீசக் கூடாது. எல்லாம் முடிந்ததும் தாளை மடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"யார் வேணும்னாலும் ஆட்டத்தை எதிராளிக்கு விட்டுக்கொடுக்கலாம், அது உங்க இஷ்டம். ஆனா அதுக்குப் பதிலா எதையாவது தரேன், செய்றேன்னு ஒரு வார்த்தை வந்தா, சொன்னவர் வெளியே. காதுல வாங்கிட்டு என்கிட்ட சொல்லாம இருந்தவரும் வெளியே. சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்னு யாரும் வராதீங்க."

எல்லோரும் தலையாட்டினோம். என் தம்பி பின்வரிசையில் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

எனக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. அதற்குப் போகுமுன் செவ்வாய், வியாழன், சனி காலைகளில் அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிறேன். நாலு வருஷமாக. தம்பிக்கு ஆஸ்பத்திரி வாசனை ஒத்துக்கொள்ளாது. எனக்கு என்னவோ அது ரோஜாப்பூ வாசனை மாதிரி! மெஷின் ஓடும் நாலு மணி நேரமும் அப்பாவின் கட்டில் ஓரத்தில், சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகையில் கார்டுகளைப் பரப்பித் தனியாக ஆடிப் பழகுவேன். "இன்னும் சின்னப் பிள்ளையா நீ?" என்பார் அப்பா. அதே விளையாட்டைத் தம்பி ஆடினால், "மூளைக்காரன், யோசிச்சு ஆடுவான்" என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் பெருமை பேசுவார்.

மொத்தம் ஏழு சுற்று. முதல் எட்டு பேர் மறுநாள், திங்கள் லீவில், இறுதிச் சுற்றுகளுக்குப் போவார்கள். ஐந்து வருஷமாக ஆடுகிறேன், அந்த எட்டில் ஒருமுறைகூட என் பெயர் வந்ததில்லை. இந்தத் தடவை ஏழாம் சுற்றில் ஜெயித்தால் வரும். பட்டியலை ஒட்டினார்கள். எட்டாம் மேசையில் எனக்கு எதிரே தம்பி. அவன் நிலைமையும் அதேதான்: ஜெயிக்கிறவர் உள்ளே, தோற்கிறவர் வீட்டுக்கு.

ஒரு சுற்றுக்கு மூன்று ஆட்டம், இரண்டில் ஜெயிக்க வேண்டும். ஆளுக்கு ஓர் ஆட்டம் ஜெயித்தோம். மூன்றாவதில் எனக்குக் கை நன்றாக வந்தது. அவனுக்கு வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கார்டுகளை மாற்றி மாற்றி அடுக்கினான். பிறகு முன்னால் குனிந்தான்.

"அக்கா."

"ஆடுடா, நேரம் போகுது."

"இதை எனக்கு விட்டுக்கொடேன். இந்த மாசம் முழுக்க அப்பாவை நானே கூட்டிட்டுப் போறேன்."

பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் சபலப்பட்டேன். ஒரு மாதம் அலாரம் வைக்காமல் தூங்கலாம். கடைக்குத் தாமதமாகப் போய் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம். அதற்குப் பின்னால்தான் மற்றது உறைத்தது. அப்படியென்றால் இவனால் முடியும். நாலு வருஷமாக முடிந்திருக்கும். நான் காய்ச்சலோடு வீல்சேரைத் தள்ளிய நாளிலும், கால் சுளுக்கி நொண்டிய வாரத்திலும் முடிந்திருக்கும். ஒரு கார்டு ஆட்டம் கைவிட்டுப் போகிறது என்றதும் வாசனையெல்லாம் ஒத்துக்கொள்கிறது அய்யாவுக்கு.

கையைத் தூக்கி, "சார்!" என்று கூப்பிட்டேன்.

விதிக்காகக் கூப்பிட்டேன் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். விதியாவது மண்ணாவது. அடிக்க ஒரு கம்பு தேடினேன், விதி கையில் கிடைத்தது.

நடுவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். தம்பி சிரித்தான். "வீட்டுப் பேச்சு சார். எங்க அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன்னு சொல்றது லஞ்சமா?"

நடுவருக்கே தர்மசங்கடமாகிவிட்டது. என் பக்கம் திரும்பினார். "ஆட்டத்தை விட்டுக்கொடுத்தாக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாரா? இல்ல, பொதுவாச் சொன்னாரா? யோசிச்சுச் சொல்லும்மா."

எனக்கு வழி விட்டார் அந்த மனிதர். பொதுவாகத்தான் சொன்னான் என்றிருந்தால் அதோடு போயிருக்கும்.

"விட்டுக்கொடுத்தாத்தான்னு சொன்னான்," என்றேன்.

தம்பி கார்டுகளைப் பெட்டிக்குள் அடுக்கினான். ஒன்றைக்கூட வீசவில்லை. ஆட்டம் முடிந்தால் கைகுலுக்க வேண்டும் என்பது மரியாதை. பழக்கத்தில் கையை நீட்டிவிட்டேன். அவன் அந்தக் கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுப் போனான்.

எட்டில் என் பெயர் வந்தது. மறுநாள் முதல் ஆட்டத்திலேயே இருபது நிமிஷத்தில் தோற்று வெளியே வந்தேன்.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் அப்பாவைக் காரில் கூட்டிப் போனேன். கட்டிலில் படுக்கவைத்து, மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு பேசினார்.

"தம்பி போன்ல எல்லாம் சொன்னான்."

"விதி அப்படிப்பா. நான் என்ன பண்ணட்டும்?"

"அவன் அப்படி என்ன பெருசாக் கேட்டுட்டான்?"

"அவன் என்ன கேட்டான்னு விடுங்க. என்ன தரேன்னு சொன்னான்னு பாத்தீங்களா? உங்களைப் பாத்துக்கறதைப் போய் பேரம் பேசுறாம்பா!"

"பேசட்டுமே," என்றார். போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"நாலு வருஷமா நான் வரேன்பா."

"நீ எப்படியும் வருவே. அவன் வந்திருப்பான்ல, ஒரு மாசம்."