பெயரில்லாத ஃபிரேமும் அத்தையின் வாளியும்

உடையும் என்றுதான் நான் சொன்னேன். சொன்னதில் ஆசையும் கொஞ்சம் கலந்திருந்தது, அதை மறைப்பானேன்.

என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு நாங்கள் இருக்கும் வீட்டுக்கே வந்து சேர்ந்த என் ஓரகத்தி, வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து நேராக ஒரு கார்பன் சைக்கிள் ஃபிரேமை வரவழைத்தாள். பெயர் கிடையாது, முத்திரை கிடையாது, பெயின்ட்கூடக் கிடையாது. வெறும் கறுப்பு. பெரிய கம்பெனிக்காரன் கேட்கும் விலையில் கால்வாசிகூட இல்லை. நான் இத்தனை வருஷமாக அலுமினிய சைக்கிளில் முட்டி தேய மிதித்துக்கொண்டிருக்கிறேன். இவள் வந்து ஒரு மழைக்காலம்கூட முழுசாக முடியவில்லை, அதற்குள் கார்பன்.

எங்கள் பந்தயம் சாலையில் நடப்பதில்லை. மழைக்காலத்தில் மைதானத்துச் சேற்றில் சுற்றிச் சுற்றி ஓட்டுவது. நடுநடுவே குறுக்கே பலகை நட்டிருப்பார்கள். அங்கே குதித்து இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஓடி, மறுபடி சீட்டின் மேல் தாவி உட்கார வேண்டும். ஒரு சுற்று முடிவதற்குள் சைக்கிளோடு அரை மூட்டைச் சேறும் சேர்ந்து வரும். அதைக் கழுவ ஓரமாக ஓர் இடம் உண்டு. அங்கே நமக்கென்று ஓர் ஆள் வாளித் தண்ணீரும் குச்சியுமாக நிற்க வேண்டும். ஆள் இல்லாதவள் சேற்றையும் சேர்த்து மிதிக்க வேண்டியதுதான்.

எனக்கு ஆள் உண்டு. அத்தை, அதாவது என் மாமியார், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து "மிதி பெரியவளே" என்று அவர் குரல் கொடுத்தால், எனக்கு முன்னால் போகிறவளும் பயந்து மிதிப்பாள். என்னைப் பெற்ற வீட்டில் "இந்த வயசுல உனக்கு எதுக்கு இது" என்பதோடு சைக்கிள் பேச்சு முடிந்துவிடும். என் வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை விடிவதே மத்தியானம். எனக்கென்று மழையில் நனைய இந்த உலகத்தில் இருந்தது அத்தை ஒருவர்தான். அந்த வாளியை நான் யாருக்கும் பங்கு போடுவதாக இல்லை.

பார்சல் வந்த அன்று நான், வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் பொருத்திவிட்டு, அசந்த கண்ணோடு வீடு திரும்பினேன். கூடத்தில் அட்டைப் பெட்டி பிளந்து கிடந்தது. அத்தை ஃபிரேமை ஒரே விரலில் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூக்கிப் பாரு பெரியவளே. பூனைக்குட்டி கனம்கூட இல்ல."

தூக்கினேன். உண்மையிலேயே இல்லை. அடிவயிற்றில் யாரோ அடுப்புப் பற்றவைத்தது போலிருந்தது. ஒட்டு, கீறல், வளைவு என்று லென்ஸைப் பார்க்கிற கண்ணால் தேடியும், என் கெட்ட நேரம், ஒரு குறை கிடைக்கவில்லை.

"கனம் இல்லாததுதான் சீக்கிரம் உடையும்" என்றேன்.

"உடைஞ்சா வேற வாங்கிக்கலாம்க்கா" என்று சிரித்தாள் ஓரகத்தி. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். சிரிப்பதற்குத்தான் சம்பளமே.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் சின்ன மருமகள் உடைத்தாலும் மண்குடம்தான். அந்த வாரம் முழுக்க அத்தையும் அவளும் கூடத்தில் பழைய பெட்ஷீட்டை விரித்து, சக்கரம், பிரேக், செயின் என்று ஒவ்வொன்றாகப் பூட்டினார்கள். ஒரே சிரிப்பு. என் சைக்கிள் போன பந்தயத்துச் சேற்றோடு பின்கட்டில் காய்ந்துகொண்டிருந்தது. அதை நானே கழுவிக்கொண்டேன். யாருக்கும் கேட்காமல் போய்விடக் கூடாதே என்று வாளியைச் சத்தமாகவே வைத்தேன்.

சீட் கம்பி மாட்டும்போதுதான் நான் வாயைத் திறந்தேன். பெட்டியில் ஒரு சின்ன பாக்கெட் பசை வந்திருந்தது. அத்தை அதை விரலில் தேய்த்துப் பார்த்து, "மண்ணு மாதிரி நறநறங்குது, கீறிடும்" என்று குப்பையில் போட்டுவிட்டு, தன் கிரீஸ் டப்பாவைத் திறந்தார். பஸ் ஓட்டிய காலத்திலிருந்தே அவருக்குக் கிரீஸ்தான் சர்வரோக நிவாரணி. கதவு கிறீச்சிட்டாலும் கிரீஸ், குடை விரியாவிட்டாலும் கிரீஸ்.

"அத்தை, கார்பனுக்கு அதைப் போடாதீங்க. அந்தப் பசையைத்தான் போடணும். கிரீஸ் போட்டா கம்பி பிடிக்காது, சீட் கீழ இறங்கிடும். ரொம்ப முடுக்கினா ஃபிரேம் விரிசல் விட்டுடும்."

அத்தை நிமிர்ந்து பார்த்தார். "முந்தாநாள் பார்சலே வராதுன்ன. நேத்து உடையும்ன. இன்னிக்கு இறங்கும்ங்கிற. உனக்கு என்னடி வயித்தெரிச்சல்?"

ஓரகத்தி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைத்தேன். ஆமாம், வயிற்றெரிச்சல்தான். ஆனால் வயிறு எரிகிறவள் சொல்வதெல்லாம் பொய்யாகிவிடுமா? கம்பி கிரீஸில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. நானும் உள்ளே போய்விட்டேன்.

பந்தயத்துக்கு முந்தின நாள் சாப்பிடும்போது கேட்டே விட்டேன். "நாளைக்கு வாளி யாருக்கு அத்தை?"

"ரெண்டு பேருக்கும்தான். ஒரே சேறு, ஒரே தண்ணி."

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். நான் தட்டோடு எழுந்துவிட்டேன்.

காலையில் நல்ல மழை. விசில் அடித்ததும் அவள் பறந்தாள். பொய் சொல்லக் கூடாது, அந்தப் பெயரில்லாத ஃபிரேம் மேட்டில் அவள் தோளில் துண்டு போலக் கிடந்தது. என் அலுமினியம் என் தோளில் எருமைக்கன்று. முதல் சுற்றில் அத்தை இரண்டு பேருக்கும் தண்ணீர் அடித்தார். அவளுக்கு முதலில், எனக்கு மீதி.

இரண்டாவது சுற்றில் அவள் முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. பலகையைத் தாண்டி ஒவ்வொரு தடவை தாவி உட்காரும்போதும் சீட் ஒரு விரற்கடை இறங்கியது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். மூன்றாவது சுற்றில் சின்னப் பிள்ளை மூன்று சக்கர வண்டி ஓட்டுவது போல முட்டி தாடையில் இடிக்க மிதித்துக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தாண்டினேன். தாண்டியபோது எனக்குள் மேளம் கொட்டியது.

கொட்டியது, கழுவும் இடம் வரைக்கும். அத்தை அங்கே ஓரகத்தியின் சைக்கிளுக்காகத் துணியோடு காத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "நீ போ, நீ போ, உன் வண்டி நல்லாத்தான் இருக்கு" என்று கையை ஆட்டினார். வாளியில் தண்ணீர் நிறைய இருந்தது. அதில் ஒரு சொட்டு என் மேல் விழவில்லை.

அடுத்த சுற்றில் பார்க்கிறேன், இரண்டு பேரும் சேற்றில் மண்டியிட்டிருக்கிறார்கள். அத்தை கம்பியை உருவிக் கிரீஸை வழித்து, கீழே கிடந்த நறநற மண்ணை அள்ளிப் பூசிக்கொண்டிருக்கிறார். இவள் ஃபிரேமைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அத்தையும் சிரிக்கிறார். நான் கடந்து போனதை அவர்கள் பார்க்கவே இல்லை. மண் பிடித்துக்கொண்டது போலும், அவள் மறுபடி கிளம்பினாள். அத்தையின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. "மிதி சின்னவளே!"

அன்றைக்கு நான் மூன்றாவதாக வந்தேன். இதுவரை ஏழாவதைத் தாண்டியதில்லை. முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. யாரோ ஒருவர் முதுகில் தட்டினார். கடைசி ஆளாக அவள் வரும்வரை அத்தை கழுவும் இடத்தை விட்டு நகரவில்லை. வந்ததும் தன் மழைக்கோட்டைக் கழற்றி அவள் மேல் போட்டார்.

"எத்தனாவதுடி வந்த?" என்று என்னிடம் பிறகுதான் கேட்டார். சொன்னேன். முகம் மலர்ந்துதான் போனது, இல்லை என்று சொல்ல மாட்டேன். "பாத்தியா சின்னவளே, நான் சொல்லல? இவளுக்கு ஆளே தேவையில்ல. இவளைப் பத்தி எனக்குக் கவலையே கிடையாது."

"அக்கா அன்னிக்கே சொன்னாங்க அத்தை, நாமதான் கேக்கல" என்றாள் ஓரகத்தி. நடுங்கிக்கொண்டே சொன்னாள். அவளுக்கு நல்ல மனசு. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

வீடு திரும்பும்வரை அத்தை சொன்னதையே மென்றுகொண்டு வந்தேன். கவலையே கிடையாது. கேட்டவர்கள் அதைப் பாராட்டு என்றுதான் நினைத்திருப்பார்கள். ஒழுங்காக ஓட்டியதற்கு எனக்குக் கிடைத்த கூலி அது.

அடுத்த பந்தயத்தன்று காலை, அத்தை வாளியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், நான் பின்கட்டுக்குப் போய் என் சீட் கம்பியின் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தினேன். ஏறி உட்கார்ந்து பார்த்தேன். கம்பி அசையவில்லை. இறங்கி, இன்னும் அரைச் சுற்று தளர்த்தினேன்.