அளவுகோலாக வைத்த இரத்தம்

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் நோயற்ற இரத்தம் என்றால் இயக்குநருடைய இரத்தம்தான். ஒப்பிடுவதற்கென்றே விற்கப்படும் மாதிரியை வாங்குவது தமக்கு இழுக்கென்று கருதிய அந்த மேதாவி, மாதந்தோறும் சட்டையை மடித்துத் தம் கையையே நீட்டுவார். "தும்மல்கூடக் கிட்ட வராத உடம்பு இது" என்ற தம்பட்டமும் உடன் வரும். அண்மையில் வந்த முதுகுவலிக்கும் நாற்காலி செய்தவனைத்தான் திட்டித் தீர்த்தார். அங்கேயே நோயியல் மருத்துவராக இருந்த அவர் மனைவிக்கு இந்த ஜம்பத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அன்று பேருந்து ஓட்டுநர் ஒருவருடைய இரத்தப் புரதங்களைப் பிரித்த தகட்டை அவள் விளக்கின்மேல் வைத்தாள். நல்ல உடம்பில் பி அணுக்கள் எனும் இரத்த வெள்ளணுக்கள் பலவகையாய் முதிர்ந்து, கிருமியை எதிர்க்கும் பலவகைப் புரதங்களான எதிர்ப்பொருள்களைச் சுரக்கும். தகட்டில் அவை புகைபோலப் பரவித் தெரியும். புற்றுநோய் பிடித்த ஓர் அணுவின் வாரிசுகள் மட்டும் பெருகினாலோ, ஒரே எதிர்ப்பொருள் மலையாய்க் குவிந்து கரிய கோடாக விழும். ஓட்டுநரின் தடத்தில் அந்தக் கோடு நின்றது.

இயக்குநர் எட்டிப் பார்த்தார். "நார்மல்னு எழுதி அனுப்பு. பக்கத்துல என்னோடதைப் பாரு, அதுலயும் கோடு இருக்கு. எனக்கென்ன நோயா?"

அளவுகோலை யார் அளந்து பார்க்கிறார்கள்? அவள் அப்போதுதான் பார்த்தாள். அவருடைய கோடு இன்னும் தடித்திருந்தது.

"மத்தவங்க யாருக்கும் இந்தக் கோடு விழலியே, ஏங்க?"

"எனக்கு எதிர்ப்பு சக்தி ஜாஸ்தி."

"ஜாஸ்திதான். நல்லா முதிர்ந்த அணுதான், ஓயாம வேலையும் செய்யுது. ஆனா ஒரே சரக்கு, ஒண்ணுக்கும் உதவாத சரக்கு. உங்க மேடைப் பேச்சு மாதிரி."

அவர் குரலைத் தாழ்த்தினார். "வெளிய தெரிஞ்சா மானம் போயிடும். அந்த ஆளை இப்போதைக்கு நார்மல்னு அனுப்பிடு. என்னோடதை அப்புறம் பாத்துக்கலாம்."

உயிர் போகும் என்று அஞ்சாமல் மானம் போகும் என்று அஞ்சிய அந்த முகத்தை, அவள் புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஓட்டுநருக்கு முதுகெலும்பை அரிக்கும் புற்றுநோய் ஐயம், எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை உடனே தேவை என்றெழுதிக் கையெழுத்திட்டாள்.

"உங்க ரத்தத்தோட ஒப்பிட்டு நார்மல்னு அனுப்பினவங்க எல்லாரையும் திரும்பக் கூப்பிடப் போறேன்."

"எனக்கும் மஜ்ஜை எடுக்கணுமா? வலிக்குமா?"

"அவருக்குத்தான் முதல்ல. வெளிய போய் உக்காருங்க."

வெளியே காத்திருப்போர் பலகையில் ஓட்டுநர் நகர்ந்து இடம் கொடுத்தார். "உங்களுக்கும் முதுகுவலிங்களா சார்?"

"ம்" என்றார் இயக்குநர். பலகை செய்தவனைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை.