ஐந்தாவது விமானத்தின் மேல் விழுந்த முத்திரை

பன்னிரண்டு மஷ்டோ சாமிகள் மேலும் சத்தியம். பதிமூன்றாவதாக ஒருவர் இருந்தால் அவர் மேலும் சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு பச்சை அக்ரூட் தோலை மென்றவன் நாக்காகக் கறுத்துப் போகட்டும்.

எங்கள் மலையூரான டுங்ரிபாட்டன் தபால் ஆபீசில் இருபத்தாறு வருஷம் முத்திரை குத்தியவன் நான், பிர்கே ரோகாயா. எங்கள் பக்கம் யாரும் கடிதத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா போக மாட்டார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தபால்தலை மேல் முத்திரை 'டொப்'பென்று விழுந்து மை பதிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நகர்வார்கள். இல்லாவிட்டால் குமாஸ்தா அந்தத் தபால்தலையை உரித்து மறுபடி விற்றுவிடுவானாம். அபாண்டம். வாரத்துக்கு இரண்டு மூன்றுக்கு மேல் நான் உரித்ததே இல்லை.

அரசாங்க விமானக் கம்பெனிக்கு இருபத்தைந்து வயது நிறைந்தபோது, அதன் சரித்திரத்தைச் சொல்ல ஐந்து தபால்தலைகள் போட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு விமானம். வாலில் உள்ள எண்கூடத் தெளிவாகத் தெரியும். முதல் தலையில் ஒரு கிழட்டு டகோட்டா. திங்கட்கிழமை அதன் மேல் குத்தினேன். செவ்வாய்க்கிழமை ரேடியோவில் சொன்னார்கள், அதே எண் விமானம் மலையில் மோதிப் பதினோரு பேர் போனார்களென்று. இரண்டாவதில் ஒற்றை எஞ்சின் குட்டி விமானம். குத்தினேன். அது கர்ணாலி ஆற்றில் விழுந்தது. நான்கு பேரில் இரண்டு பேர்தான் கரை ஒதுங்கினார்கள், அதுவும் பிணமாக. மூன்றாவதன் மேல் பயந்து பயந்து பாதி வட்டம் மட்டும் படும்படி வைத்தேன். சக்கரம் மட்டும் ஒடிந்தது, ஓர் ஆடு செத்தது. நான்காவதன் மேல் மை வற்றிய முத்திரையைக் குத்தினேன். அது விழவில்லை. ஆனால் எங்கே போனதென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"பிர்கே, உனக்குச் சம்பளம் சர்க்கார் குடுக்குதா, எமன் குடுக்குறானா?" என்று டீக்கடையில் கேட்டார்கள்.

"ரெண்டு பேருமே லேட்டுதான்," என்றேன்.

ஐந்தாவது தலையில் இருந்தது, வாரம் இரண்டு முறை எங்கள் புல்வெளியில் வந்து இறங்கும் இரட்டை எஞ்சின் விமானம். ஓட்டுகிறவர் கேப்டன் சுவர்ணமான். எங்கள் போஸ்ட்மாஸ்டர் பூர்ணரத்ன துலாதரின் மருமகன். மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். போஸ்ட்மாஸ்டர் அந்தத் தலைகளை எல்லாம் அள்ளி இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்.

ஒன்று மட்டும் ஏற்கெனவே விற்றுப்போயிருந்தது. ஜௌகலா புடா அதை ஒட்டிய கடிதத்தோடு வந்து நின்றாள். அவள் புருஷன் நெஞ்சு கெட்டுப்போய் ரத்தமாகக் கக்கிக்கொண்டிருந்தான். மகன் நைனிதாலில் மூட்டை தூக்குகிறவன். 'உடனே வா' என்று அவனுக்கு எழுதிய கடிதம்.

"வெச்சிட்டுப் போம்மா," என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"குத்துங்க. பாத்துட்டுப் போறேன்."

"இது வேணாம். என் செலவுல வேற தலை ஒட்டித் தர்றேன். ராஜா படம் போட்டது."

"இத உரிச்சிட்டு அத ஒட்டுவீங்க. நான் போனதும் அதையும் உரிப்பீங்க. கடுதாசி அடுப்புக்குப் போயிரும். போன வருஷம் அப்படித்தான் போச்சு."

போஸ்ட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஓட்டை இருந்தது.

"அதுல வர்றது என் மருமகன்மா."

"அதுல போக வேண்டியது என் புள்ளைக்குக் கடுதாசி. மூணு நாளா அவரு அவன் பேரத்தான் முனகுறாரு. நீங்க வந்து பதில் சொல்றீங்களா?"

"பக்கத்துல குத்தட்டுமா? தலையில படாம?"

"பக்கத்துல குத்துனா தலை புதுசாவே இருக்குமே. எனக்குத் தெரியாதா உங்க வேலை?"

இரண்டு நாள் நின்றாள். வாற்கோதுமை மாவை நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டாள். ஆபீஸ் பூட்டும்போது போய், திறக்கும்போது வந்துவிடுவாள். மூன்றாம் நாள் காலை போஸ்ட்மாஸ்டருக்கு ஒரு யோசனை வந்தது.

"பிர்கே, தரையில நிக்கிறது எங்கடா விழும்?"

"எங்கயும் விழாதுங்கய்யா."

விமானத்தளத்து வயர்லெஸ்காரனிடம் ஓடினேன். "மேகம். ப்ளேன் நேபாள்கஞ்சுலயே நிக்குது. இன்னைக்கு வராது," என்றான்.

போஸ்ட்மாஸ்டர் முத்திரையை என்னிடம் தரவில்லை, தானே எடுத்தார். முழு வட்டம், நல்ல மை, விமானத்தின் நடு முதுகில். ஜௌகலா குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டு மையை உறுதி செய்துகொண்டாள். "நல்லா இருங்க ஐயா," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

நான் பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டது. வயர்லெஸ்காரனுக்குக் கிடைத்தது காலைச் செய்தி. அதன் பிறகு அங்கே வெயில் வந்துவிட்டது, இவனுடைய பேட்டரி செத்துவிட்டது. எங்கள் மேகத்துக்கு மேலே அந்தச் சத்தம் ஒரு சுற்று சுற்றியது. இரண்டாவது சுற்று தாழ்வாக வந்தது. மூன்றாவது சுற்றின் பாதியில் நின்றுபோனது.

போஸ்ட்மாஸ்டர் வெளியே ஓடவில்லை. பையை அவிழ்த்து அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்தார். விரலில் எச்சில் தொட்டு மையைத் துடைத்தார். மை கரைந்து, படத்தில் இருந்த வானமெல்லாம் பரவியது. அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். தலை கிழிந்த பிறகும் நிறுத்தவில்லை. நான்தான் கையைப் பிடித்தேன்.

கடிதம் கால்நடையாகப் போனது. மகன் அப்பனின் பதிமூன்றாம் நாள் காரியத்துக்கு வந்து சேர்ந்தான். போஸ்ட்மாஸ்டர் அதன்பின் முத்திரையைத் தொடவில்லை. நான் தொட்டேன். யாராவது தொட வேண்டுமே.

இதுவும் அதே பன்னிரண்டு சாமிகள் மேல் சத்தியம்: அந்த ஐந்து தபால்தலைகளில் ஒன்றுகூட டுங்ரிபாட்டனுக்கு வந்து சேரவில்லை; எங்கள் ஆபீசுக்கென்று அனுப்பிய ஒரே கட்டு அந்த விமானத்தில்தான் இருந்தது.