தவிட்டுக்கு வாங்கிய முகம்

ஜெர்மன் சண்டை முடிந்த வருஷம், மாங்காட்டில் சொர்ணத்தின் மகளுக்கு நாலாம் மாதத்தில் பக்கத்து வீட்டு ஞானகுமாரியின் மூக்கு வந்தது. அந்த வருஷம் மல்லிகையும் நன்றாக விளைந்தது. சொர்ணத்துக்கு முன்பு பிறந்த மூன்றும் தவழுமுன்பே போய்விட்டதால், நாலாவதைப் பிறந்தவுடன் வழக்கப்படி ஒரு முறம் தவிட்டுக்கு விற்றிருந்தார்கள். விற்ற பிள்ளையைச் சாவு தேடி வராது. வாங்கியவள் ஞானகுமாரி, பிள்ளையில்லாத விதவை, மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரி. தவிட்டம்மா என்று பெயர் பெற்ற குழந்தை சொர்ணத்திடமே பால் குடித்து வளர்ந்தது. ஒரு வயதில் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டிருக்க வேண்டும். மீட்டால் சாவுக்கு வீடு தெரிந்துவிடுமோ என்று சொர்ணம் இன்று, நாளை என்று தள்ளிப்போட்டாள்.

குழந்தை வாங்கியவள் சாயலிலேயே வளர்ந்தது. பல் முளைத்தபோது ஞானகுமாரியின் முன்பல் இடைவெளி தெரிந்தது. நடந்தபோது ஞானகுமாரியின் அப்பாவுடைய சாய்ந்த நடை. ஏழு வயதில், இறந்துபோன அவள் கணவர் ஜோசப்ராஜின் கன்னக்குழியும், சிரிக்குமுன் தொண்டையைச் செருமும் பழக்கமும் வந்தன. அன்று ஞானகுமாரி கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சொர்ணம் தலைவாரும்போதெல்லாம் தன்னுடையது ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். காது மடல்கூட இல்லை. ஆனால் அம்மை போட்டும் பிள்ளை பிழைத்ததால், பின்னலை முடித்துப் பூ வைத்து அனுப்பினாள்.

பெண் வயசுக்கு வந்தாள். குடிசை கட்டப் பச்சை ஓலையோடு வந்த தாய்மாமன் சின்னப்பையன், முகத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

"இன்னாக்கா, யார் ஊட்டுப் பொண்ணுக்கு என்னைக் குடிசை கட்டச் சொல்றே? பாதிரியாரைக் கூப்ட்டுக்க."

சொர்ணம் முறம் நிறையத் தவிட்டோடு பக்கத்து வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் தவிடு சிந்தியது. ஞானகுமாரி பாதித் தவிட்டை மட்டும் சட்டியில் கொட்டிக்கொண்டு முறத்தைத் திருப்பித் தந்தாள்.

"பாதி வித்தபடியே இருக்கட்டும், சொர்ணம். சாவு வந்தா என் ஊட்டு வாசல்ல நிக்கட்டும், நான் பேசிக்கிறேன். அந்த மனுசன் சிரிப்பை மட்டும் என்கிட்ட உட்டுடு."

விடிந்தபோது பெண்ணுக்குச் சொர்ணத்தின் மூக்கும் காதும் வந்திருந்தன. கன்னக்குழி அங்கேயே இருந்தது. சின்னப்பையன் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் குடிசை கட்டினான். மஞ்சள் தண்ணீரைச் சொர்ணமும் ஞானகுமாரியும் சேர்ந்து ஊற்றினார்கள்.

ஞானகுமாரி ஒரு ஐப்பசி மழையில் போனாள். அடுத்த வருஷம் சொர்ணம். அதன் பிறகு தவிட்டம்மாவுக்குப் பிறந்த மூத்த மகன், தொண்டையைச் செருமிக்கொண்டு முதன்முதலாகச் சிரித்தான். பார்க்க வந்தவர்கள், "ஜோசப்ராஜ்" என்று சொல்லிவிட்டு, மல்லிகைக் கூடையைத் தள்ளிவைத்து உட்கார்ந்தார்கள்.