தண்ணி தவிக்குது சித்தி

“தண்ணி தவிக்குது சித்தி.”

விளக்கை அணைத்துப் படுத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. வசந்தா எழுந்து சொம்பை நீட்டினாள். சிவசங்கரி ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அடுத்து மூத்திரம் வரும். அதற்கப்புறம் கொசு, வயிற்றுவலி. எதுவும் மிச்சமில்லாதபோது, வெளியே கட்டியிருக்கும் ஆட்டுக்குட்டி கூப்பிடுகிறது என்பாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இத்தனை சாக்கு எங்கிருந்துதான் கிடைக்கிறதோ.

வசந்தா பொம்மையார்பாளையத்துக்காரி. சுனாமியில் பெண்டாட்டியைப் பறிகொடுத்த தட்சணாமூர்த்திக்கு ஆவணியில் அவளைக் கட்டிவைத்து, மரக்காணம் பக்கத்தில் குப்பத்து ஜனங்களுக்குப் போட்டிருந்த தகரக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். பகலெல்லாம் பிள்ளை அவள் முந்தானையை விடுவதில்லை. ஊட்டினால் தின்னும், தலை வாரினால் காட்டும். படுக்க வைத்தால்தான் இந்தக் கூத்து. செத்தவள் வாசம் தேடுகிறது, என் பக்கத்தில் படுக்கப் பிடிக்கவில்லை என்று வசந்தா நினைத்தாள். வெளியே சொல்லவில்லை. சொன்னால், சித்திக்காரி புத்தியைப் பார் என்பார்கள்.

“ரெண்டு போட்டுப் படுக்க வையேன். விடியக்காலைல நான் கடலுக்குப் போவணும்” என்று தட்சணாமூர்த்தி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் அடிக்கவில்லை. பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ஏண்டி கண்ணு, சித்தி பக்கத்துல படுக்கப் புடிக்கலையா?”

“புடிக்கும்.”

“அப்புறம் ஏன் தூங்க மாட்டேங்குற?”

பிள்ளை அவள் வளையலைத் திருகிக்கொண்டே இருந்தது.

“தூங்கினா நீ செத்துடுவ.”

வசந்தா பிள்ளையின் முகத்தை நிமிர்த்தினாள். “யாரு சொன்னது?”

“பைப்புகிட்ட பேசிக்கினாங்க. அன்னிக்கி எனக்கு ஜொரம், தூங்கிட்டேன். மீன் வாங்கப் போன அம்மா, எல்லாரோடயும் ரோட்டுக்கு ஓடிடிச்சாம். அப்புறம் என்னைத் தூக்கறதுக்குத் திரும்பி வந்திச்சாம். பக்கத்து மாடி வூட்டுல ஏத்தி வுட்டுட்டு, அது ஏறலையாம்.” மூச்சு வாங்கியது பிள்ளைக்கு. “நான் முழிச்சிட்டிருந்தா நானே ஓடியாந்திருப்பேன்ல, சித்தி?”

செத்துப்போனாள் என்று மட்டும்தான் வசந்தாவுக்குச் சொல்லியிருந்தார்கள். இல்லை கண்ணு, உன்னால் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள்.

“நீ படு. சித்தி முழிச்சிட்டிருக்கேன்” என்றாள் கடைசியில்.

“விடியற வரைக்குமா?”

“விடியற வரைக்கும்.”

“கண்ண மூடக்கூடாது.”

“மூட மாட்டேன்.”

இருட்டில் சின்னக் கை ஒன்று மேலே வந்து அவள் இமைகளைத் தடவிப் பார்த்தது. சற்றுப் பொறுத்து மறுபடியும் வந்தது. அதற்கடுத்த முறை கன்னம்வரைக்கும்தான் வந்தது. அங்கிருந்து வழுக்கி மடியில் விழுந்தது. மூச்சு சீராயிற்று.

அப்போதுதான் தகரச் சுவர் மெல்லக் கடகடக்கும் சத்தம் வசந்தாவுக்குக் கேட்டது. காற்றில்லை. சுவரோடு ஒட்டிப் படுத்திருந்த தட்சணாமூர்த்தியின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை விழித்துக்கொள்ளப் போகிறதே என்று, மடி அசையாமல் கையை எட்டி நீட்டி, அந்தத் தகரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.