ஐப்பசியில் வருவதாகச் சொன்னவள்

இரண்டாயிரத்து மூன்று, ஆவணி மாதம். வடமதுரைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் வீடு வீடாக ஏறி இறங்கினாள் சகாயராணி. திண்டுக்கல்காரி. ஒரு மனநலக் கணக்கெடுப்புக்கு ஆறு மாதத்துக்கு எடுத்த ஆள். பருவம் மாறும்போது மனம் முடங்கிப்போகிறவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கேட்டு எழுத வேண்டும். தாளும் பேனாவுமாக வந்ததால் ஊரார் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

பெரும்பாலானோர் சிரித்தார்கள். "கெணத்துல தண்ணி இல்லாட்டி பங்குனியில இந்த ஊரே முடங்கித்தான் கெடக்கும்" என்றார் ஒருவர்.

ஒச்சம்மாள் சிரிக்கவில்லை. தோட்டங்களில் மல்லிகைப்பூ எடுக்கப் போகிறவள். முப்பது வயது, இரண்டு பிள்ளைகள்.

"ஐப்பசி பொறந்து வானம் மூடுச்சுன்னா எந்திரிக்க முடியாது டீச்சர். பிள்ளைக பசின்னு அழுகுறது காதுல விழும். கை கால் வராது. தை பொறந்தா தன்னால சரியாப் போயிரும்."

"எத்தனை வருஷமா?"

"சின்னவன் பொறந்ததுல இருந்து. வேலைக்குப் பயந்து படுத்துக்கிறேன்றாரு எம் புருசன். கோடாங்கிகிட்ட குறியும் பாத்தாச்சு."

சகாயராணியின் பேனா நின்றது. ஏழு வருஷமாக அவளுக்கும் இதே பாடுதான். தனக்கு மட்டும் வந்த சாபம் என்றே நினைத்திருந்தாள்.

"இது சோம்பேறித்தனம் இல்ல ஒச்சம்மா, வியாதி. ஐப்பசி மொத வாரம் நானே வந்து பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"நெசமாவா டீச்சர்?"

"அந்தோணியார் மேல சத்தியம்."

ஐப்பசி வந்தது, மழை விடாமல் பிடித்துக்கொண்டது. சகாயராணி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். வேலை இடத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினாள். சத்தியம் தினமும் நினைவுக்கு வந்தது. பஸ் ஸ்டாண்டு பத்து நிமிஷ நடைதான். அந்தப் பத்து நிமிஷத்தை நடக்க அவளால் முடியவில்லை. கார்த்திகையும் கழிந்தது.

மார்கழிக் கடைசியில் வானம் வெளுத்து அவள் எழுந்து போனபோது, ஒச்சம்மாளின் புருசன் கருப்புசாமி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தான்.

"அவள அவ ஆத்தா வீட்டுல விட்டாச்சு. பிள்ளைக எங்கிட்ட. ஊர்ப் பஞ்சாயத்துல பேசிப் பிரிச்சு விட்டுட்டாக."

"அவங்களுக்கு வியாதிங்க. நான் கூட்டிட்டுப் போறதா இருந்தேன்..."

"டீச்சர் வருவாக, டீச்சர் வருவாகன்னு ரோட்டயே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. அப்பறம் அதையும் விட்டுட்டா. இப்ப வந்து என்ன செய்யப் போறீக?"

சகாயராணி கிளம்பிவிட்டாள்.

தாள்களை ஒப்படைத்தபோது அதிகாரி கூட்டிப் பார்த்தார். "நூத்துக்கு மூணு பேரு கூட தேறலயேம்மா. நம்ம பக்கம் இது கம்மிதான் போல."

நானும் ஒருத்தி இருக்கேன் சார் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அடுத்த கணக்கெடுப்புக்குக் கூப்பிட மாட்டார்கள். "ஆமா சார்" என்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது: ஒச்சம்மாளின் ஆத்தா வீடு எந்த ஊர் என்று அவள் கேட்கவே இல்லை. மறுநாள் போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை.