வயசு ஏறாத பிள்ளைகள்

சூளைக்கு நடுவில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு பெஞ்சு, பூட்டுப் போட்ட ஒரு மரப்பெட்டி, ஆணியில் தொங்கும் இரண்டு பாசிமணிச் சரங்கள். அந்தச் செங்கல் சூளையின் ஆஸ்பத்திரி அவ்வளவுதான். டாக்டர், நர்ஸ், கம்பவுண்டர் எல்லாம் ஒரே ஆள். அவளைப் பெட்டிக்காரி என்றார்கள்.

பெட்டிக்காரி ஒன்றும் வானத்திலிருந்து குதித்தவள் இல்லை. பத்தொன்பது வருஷம் அதே களத்தில் குத்தவைத்து, சேற்றை அச்சில் அறைந்து கல் அறுத்தவள். முதுகு இனி நிமிராது என்று ஆனபின், முப்பத்தேழு வயதில் எழுத்துக் கூட்டிப் படித்து, ஆறு வாரப் பயிற்சிக்குப் போய், பெட்டியோடு திரும்பி வந்தாள். காய்ச்சலுக்கு மாத்திரை, பேதிக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலம், சளி நெஞ்சில் இறங்கினால் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற மாத்திரை. அதற்கு மேல் போனால் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மட்டும்தான் அவள் வைத்தியம். முட்டி வலிக்கிறது என்று வரும் ஆம்பிளைகளை, "அஞ்சு வயசுக்குக் கொறச்சுக்கிட்டு வா, பாக்கலாம்" என்று திருப்பி அனுப்புவாள்.

சளி நெஞ்சில் இறங்கிவிட்டதா என்று சொல்வது அந்தச் சரங்களின் வேலை. பிள்ளையின் சட்டையைத் தூக்கிவிட்டு, ஒரு நிமிஷம் ஓடுகிற கடிகாரத்தை அழுத்த வேண்டும். வயிறு ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு பாசியைத் தள்ள வேண்டும். கடிகாரம் கத்தும்போது விரல் வெள்ளைப் பாசியிலேயே இருந்தால் வெறும் சளி. சிவப்பைத் தொட்டுவிட்டால் மாத்திரை. கண் வயிற்றில் இருக்கும்போது வாய் எண்ணிக்கையில் தடுக்கும் என்பதால் இந்த ஏற்பாடு. பச்சை நூல் சரம் ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு. அதில் ஐம்பதாவது பாசியில்தான் சிவப்பு தொடங்கும். கறுப்பு நூல் சரம் ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு. அதில் நாற்பதிலேயே சிவப்பு. கைப்பிள்ளை வேகமாகத்தான் மூச்சு விடும், வளர வளர நிதானப்படும். சரத்தைத் தொடுமுன் வயதைக் கேள் என்பது பயிற்சியில் அவளுக்குச் சொன்ன முதல் பாடம்.

வயதில்தான் அவள் கை வைத்திருந்தாள்.

கைப்பிள்ளைக்காரிகளுக்குச் சூளையில் ஒரு சலுகை இருந்தது. பிள்ளைக்கு ஒரு வயது முடியும் வரை காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம் மேஸ்திரி விசில் ஊதுவான். அரை மணி நேரம் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம். பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று மாதாமாதம் பெட்டிக்காரி எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டுதான் அதற்குச் சாட்சி. அவள் கல் அறுத்த காலத்தில் விசில் ஏது? பால் கட்டி, மார்பு சுடாத பச்சைக்கல் மாதிரி கனத்து, சட்டை நனைந்து, நனைந்தது தெரியாமல் இருக்கச் சேற்றை அப்பிக்கொண்டு வேலை செய்திருக்கிறாள். அதனால் ஒருத்தி வந்து, "அக்கா, அடுத்த மாசமும் பதினொண்ணுன்னே போடேன், ஒனக்குக் கோடி புண்ணியம்" என்று கையைப் பிடித்தபோது அவளால் உதற முடியவில்லை. ஒருத்திக்குப் போட்டாள். ஒருத்தி நாலு பேரிடம் சொன்னாள். எது நிஜப் பதினொன்று, எது பொய்ப் பதினொன்று என்று முதலில் மனதில் வைத்திருந்தாள். ஆறு பேர் ஆனதும் குழம்பிற்று. நோட்டில் மட்டும் எல்லாம் அழகாகப் பதினொன்று.

மேஸ்திரி மடையன் இல்லை. "என் சூளையில அறுத்த கல்லு காயுது, வேகுது, வண்டியேறிப் போகுது. புள்ளைங்க மட்டும் பதினொண்ணுலயே நிக்குதுங்க. ஒன் பேனாவுல என்ன மருந்து ஊத்துற, பெட்டிக்காரி? எனக்கும் ரெண்டு சொட்டு ஊத்து, தலை நரைக்குது" என்பான். அவள், "வயசு ஏறாம இருக்க நல்ல மனசு வேணும் மேஸ்திரி. ஒனக்கு வேலை செய்யாது" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவன் மேற்கொண்டு துருவ மாட்டான்.

அப்படிச் சீட்டு வாங்கியவர்களில் குருவியும் ஒருத்தி. ஆள் சின்னது, வாய் ஓயாது, அதனால் குருவி. புருஷன் வேறொரு சூளைக்குப் போனவன் போனவன்தான். இருந்தது ஒரே ஒரு பெண் பிள்ளை. பிறந்தபோது அழுகை மெல்லிசாக இருந்ததால் பூனைக்குட்டி என்று கூப்பிட்டு, அதுவே நிலைத்துவிட்டது.

அந்த வாரம் குளிர் இறங்கி, களம் முழுக்க ஒரே இருமல். கொட்டகை வாசலில் பதினாலு பிள்ளைகள். பதினோராவதாகக் குருவி வந்தாள். பூனைக்குட்டி மடியில் துவண்டு கிடந்தாள். கைப்பிள்ளை மாதிரி முழுக்கச் சுற்றி, முகம் மட்டும் தெரிந்தது. பெஞ்சின் ஓரத்தில் மேஸ்திரி உட்கார்ந்திருந்தான். விரலைத் தகரம் கிழித்துவிட்டது, பஞ்சு வாங்க வந்தவன் வம்பு பேசிக்கொண்டு தங்கிவிட்டான்.

"எத்தனை நாளா இருமல்?"

"நேத்துலேர்ந்துக்கா. ராத்திரியெல்லாம் கொதிச்சுது."

"பால் குடிக்குதா?"

"குடிக்குது, பாதியில விட்டுடுது."

பெட்டிக்காரி நோட்டைப் புரட்டினாள். பேருக்கு நேரே அவள் கையெழுத்திலேயே இருந்தது: பதினொன்று. "பதினொரு மாசம்" என்று வாய்விட்டுப் படித்தாள்.

குருவி வாயைத் திறந்தாள். மேஸ்திரியைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். ஓயாத அந்த வாய் அன்றைக்கு ஓய்ந்தது. பெட்டிக்காரி அதைக் கவனித்தாள்தான். பிள்ளைக்கு என்னவோ என்ற பயம் என்று நினைத்துக்கொண்டு பச்சை நூல் சரத்தை எடுத்தாள்.

கடிகாரம் கத்தியபோது விரல் நாற்பத்தாறில் நின்றது. வெள்ளை.

"ஒண்ணுமில்ல. வெறும் சளி. காய்ச்சலுக்கு மட்டும் தரேன். பால் குடுத்துக்கிட்டே இரு, குளிரு படாம வெச்சுக்க. மூணாம் நாள் நானே வந்து பாக்குறேன்."

"அந்தக் கரைக்கிற மாத்திரையைக் குடேன்க்கா. எனக்கு என்னமோ மனசு சரியில்ல."

"மனசுக்கெல்லாம் அந்த மாத்திரை குடுக்க முடியாதுடி. சரம் வெள்ளைன்னு சொல்லுது. கண்டதுக்கும் குடுத்தா நாளைக்கு நெசமாவே வேணுங்கிறப்போ கேக்காது."

"இல்லக்கா, வந்து..."

"வந்து என்ன?"

குருவி மறுபடி மேஸ்திரி பக்கம் பார்த்தாள். "ஒண்ணுமில்ல" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். மேஸ்திரி பஞ்சு சுற்றிய விரலை ஆட்டி, "பன்னெண்டாவது யாரும்மா, வாங்க. இங்க பன்னெண்டு வந்தாலும் பதினொண்ணுதான்" என்றான். பெட்டிக்காரியும் சேர்ந்து சிரித்தாள்.

மூன்றாம் நாள் காலையில் அவள் குருவியின் குடிசைக்குக் களத்தின் வழியாகக் குறுக்கே நடந்தாள். வழியில் கல் அறுக்கிற கிழவன் ஒருவன் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தான். முன்னால் நாலு நாளைக்கு முன் அறுத்துக் காயப்போட்ட பச்சைக்கல் வரிசை. அதன் மேல் கல் விட்டுக் கல், சின்னச் சின்னக் காலடிகள். ஐந்து விரலும் பதிந்து, குதிகால் அழுந்தி, நேராக ஓடியிருந்தன.

"பாத்தியா அக்கிரமத்த! ஈரக் கல்லுல ராஜநடை போட்டிருக்கு" என்றான் கிழவன். "இந்தக் கல்ல வெச்சு வீடு கட்டுறவனுக்கு வாடகையில்லாம ஒரு புள்ள கிடைச்சுடும்."

"யாரு புள்ள?"

"குருவி புள்ளதான். அந்தப் பூனைக்குட்டி. வெரட்ட வெரட்ட ஓடுது. காய்ச்சல் வந்தப்புறம்தான் கால் அடங்குச்சு."

பெட்டிக்காரி குனிந்து ஒரு காலடியில் கை வைத்துப் பார்த்தாள். பதினோரு மாதப் பிள்ளை சுவரைப் பிடித்து நிற்கும், ரெண்டடி தத்தும், விழும். இப்படிக் குதிகால் ஊன்றி ஓடாது. போன வருஷத்து மழைக்கு முன்னால் பிறந்த பிள்ளை இது. பிறந்த சேதியைத் தன்னிடம் வந்து சொன்னதே இந்தக் கிழவன்தான். அவள் அங்கேயே நின்று விரல் மடக்கினாள். பதினைந்து. நாலு மாதத்தைத் தானே எழுதித் தானே விழுங்கியிருக்கிறாள்.

ஓடினாள். முதுகு ஒத்துழைக்காத ஓட்டம்.

குடிசையில் குருவி சுவரில் சாய்ந்து பிள்ளையை நெஞ்சோடு பிடித்திருந்தாள். "விடியக்காலையிலேர்ந்து குடிக்க மாட்டேங்குதுக்கா. இப்ப கூப்பிடத்தான் கிளம்பினேன்." பெட்டிக்காரி சட்டையைத் தூக்கினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. கறுப்பு நூல் சரத்தைக் கையில் எடுத்தாள். கடிகாரம் பாதிகூட ஓடவில்லை, விரல் சிவப்பில் நின்றது. அதற்கு மேல் எண்ணி என்ன ஆகப்போகிறது? மாத்திரையைத் தாய்ப்பாலில் கரைத்து வாயோரம் விட்டாள். பால் கடைவாயில் வழிந்தது.

விஷயம் தெரிந்ததும் மேஸ்திரி கேள்வி கேட்கவில்லை. பைக்கை எடுத்தான். நடுவில் குருவி, மடியில் பிள்ளை, பின்னால் பெட்டிக்காரி. செம்மண் சாலை, ஒன்றேகால் மணி நேரம். பள்ளம் வரும்போதெல்லாம் மேஸ்திரி "பாத்து, பாத்து" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். முதல் பாதி வழியில் மெல்லிசான அந்த முனகல் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் காற்றுச் சத்தம் மட்டும்தான். குருவி ஒருமுறைகூடப் பிள்ளையின் முகத்தை மூடிய துணியை விலக்கிப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லப் பெட்டிக்காரிக்கும் தைரியம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா பிள்ளையை வாங்கி மேசையில் கிடத்தினாள். ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்தாள், இரண்டு விரலால் நெஞ்சை அழுத்தினாள், டாக்டரைக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் குழாயைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

அப்புறம் ஒரு தாள் வந்தது.

"கொழந்தைக்கு என்ன வயசு?"

குருவி தரையைப் பார்த்தபடியே, "பதினொரு மாசம்" என்றாள். பழக்கத்தில் சொன்னாளா, விசில் வாங்கும் மற்றவர்களை நினைத்துச் சொன்னாளா, பெட்டிக்காரியைக் காப்பாற்றச் சொன்னாளா, தெரியவில்லை. மேஸ்திரி தொண்டையைச் செருமினான். "ஆமாம்மா, பதினொண்ணுதான். சீட்டுகூட இருக்கு" என்றான். அவன் குரலில் கேலி இல்லை.

நர்ஸம்மா பேனாவைத் தாளில் வைத்தாள். பதினொன்று என்று விழுந்துவிட்டால் நாற்பத்தாறு சரி. பச்சை நூல் சரி. நோட்டு சரி. யார் மேலும் ஒரு பழியும் இல்லை.

"பதினஞ்சு" என்றாள் பெட்டிக்காரி. "பதினஞ்சு மாசம்மா. நான்தான் கொறச்சு எழுதிட்டேன். அந்த வயச வெச்சே மூச்சையும் எண்ணிட்டேன்."

நர்ஸம்மா அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினாள்.

மூன்று நாளில் மேலிடத்திலிருந்து ஓர் ஆள் வந்து நோட்டைப் பார்த்துவிட்டுப் போனார். பெட்டியைப் பிடுங்கவில்லை, அந்தப் பொட்டல் காட்டுக்கு வேறு யார் வருவார்கள்? ஆனால் சீட்டு எழுதும் உரிமை போயிற்று. இனி வயதுக்கு ஆஸ்பத்திரித் தாள்தான் வேண்டும் என்றார் சூளை முதலாளி. பொய்ப் பதினொன்று வாங்கிய மற்ற ஐந்து பேருக்கும் விசில் நின்றது. அவர்கள் பெட்டிக்காரியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி காதுபட, "செத்தது ஒண்ணு, வாயில மண்ணு விழுந்தது அஞ்சுக்கு" என்றாள்.

பிள்ளை போன பதினோராம் நாள் குருவி வேலைக்கு வந்தாள். பெட்டிக்காரி அவள் எதிரே போய்க் குத்தவைத்தாள். குருவி சேற்றை அள்ளி அச்சில் அறைந்தாள். மேலே வழித்தாள். கவிழ்த்தாள். இரண்டு கல் இறங்கியது.

"அன்னிக்கு நாப்பத்தாறுன்னியேக்கா."

"ஆமா."

"அந்தக் கறுப்பு நூல்ல அது என்ன நெறம்?"

ஆறுதலாகச் சொல்ல ஆயிரம் இருந்தது. எப்படியும் போயிருக்கும் என்று சொல்லலாம். ஆண்டவன் கணக்கு என்று சொல்லலாம். பெட்டிக்காரி ஏற்கெனவே இரக்கப்பட்டு ஒரு பொய் எழுதியவள்.

"செவப்பு" என்றாள். "ஏழு பாசி செவப்பு."

குருவி தலையை ஆட்டினாள். அடுத்த சேற்று உருண்டையை அள்ளினாள்.

அப்போது மேஸ்திரியின் விசில் கேட்டது. நிஜப் பதினொன்றுக்காரிகள் மூன்று பேர் களத்தின் வெவ்வேறு மூலையிலிருந்து எழுந்து நடந்தார்கள். குருவியும் எழுந்தாள். சேற்றுக் கையைப் பின்பக்கம் துடைத்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்தாள். அங்கேயே நின்றாள். சட்டையின் முன்பக்கம் வட்டமாக நனைந்து விரிந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்து குத்தவைத்தாள். ஒரு கை சேற்றை அள்ளி, நனைந்த இடத்தில் அப்பிக்கொண்டு, அச்சை இழுத்தாள்.